வற்றிய ஏரியில் ஓர் இரும்புப் படகு

என் நண்பன் படகை இரும்பில் செய்தான். மரவேலை அவனுக்குத் தெரியாது. இரும்பு என்றால் அவன் கைக்குப் பணியாத இரும்பு கிடையாது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்த புதிதில் நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தோம். அவன் வெல்டர். நான் மிஷன் பள்ளியில் தங்கிப் பள்ளி இறுதி வகுப்புவரை படித்திருந்ததால் ஸ்டோரில் கிளார்க் வேலை கிடைத்தது. அதற்கு முன்னால் எங்கள் இருவர் குடும்பத்திலும் யாரும் கூரைக்குக் கீழே நின்று வேலை செய்ததில்லை. எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் நட்டவர்கள், அறுத்தவர்கள்.

ஏரி எங்களுக்குத் தூரமில்லை. சைக்கிளை மிதித்தால் சுண்ணாம்புக்குளம் தாண்டிப் பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரைக்குப் போய்விடலாம். ஆனால் ஏரியில் இறங்கி மீன் பிடிக்கிற குடும்பங்கள் வேறு, நாங்கள் வேறு. அதுவரை ஏரியை நாங்கள் பார்த்ததெல்லாம் கரையில் நின்றுதான். படகு செய்யலாம் என்ற யோசனை அவனுக்கு ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் வந்தது.

"தண்ணித் தொட்டி செய்யறோம். தண்ணி உள்ள நிக்குது, வெளிய வரல. அதையே ஏரியில உட்டா தண்ணி வெளிய நிக்கும், உள்ள வராது. அதுக்குப் பேருதான் போட்டு. இதுல இன்னா பெரிய ரகசியம் கீது?" என்றான்.

சொன்னதோடு விடவில்லை. வேலைக்கு உதவாது என்று ஒதுக்கிய தகடுகளை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கினான். ஷிப்ட் முடிந்த பிறகு ஷெட்டின் பின்புறத்தில் குளிர்காலம் முழுக்க அந்த வேலை நடந்தது. தகடுகளை வளைத்தான், ஒட்டினான், தட்டிப் பார்த்தான். படகின் அடியில் தலையிலிருந்து வால்வரை ஒரு ஆங்கிள் இரும்பை, அதன் மடிந்த முனை கீழே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்துப் பற்றவைத்தான். அது எதற்கு என்று கேட்டேன். "அது இருந்தா தண்டவாளத்துல போற மாதிரி நேராப் போவும்" என்றான். ஒழுகுகிறதா என்று பார்க்க, தொட்டிக்குச் செய்வதையே படகுக்கும் செய்தான். ஒட்டு போட்ட இடங்களில் வெளிப்பக்கம் சுண்ணாம்பைப் பூசிக் காயவிட்டு, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவினான். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் எண்ணெய் கசிந்து வெள்ளைச் சுண்ணாம்பில் கறையாகத் தெரிந்துவிடும். ஒரு கறைகூட விழவில்லை. சிவப்பு பிரைமர் அடித்து, அதன் மேல் கரும்பச்சை பெயிண்ட் அடித்தான். அந்தப் படகில் மரம் என்று இருந்தது உட்காரும் பலகை ஒன்றுதான். ஏதோ ஒரு இயந்திரம் வந்திறங்கிய பெட்டியின் பலகை. கனமான, அகலமான பலகை. அதையும் நான்கு போல்ட் போட்டு முடுக்கியிருந்தான்.

அந்தச் சுண்ணாம்பைப் பூசியவள் என் மகள். சாயங்காலம் எனக்காக வந்து காத்திருப்பவள், அவன் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வாள். அதனால் படகில் தனக்கும் பங்கு உண்டு என்று அவள் உறுதியாக நம்பினாள்.

எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது இவள். அப்போது ஒன்பது வயது. கிணற்றடிக்கு அவளைத் தனியாக விடமாட்டேன். ரயில்வே கேட் திறந்திருந்தாலும் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கையைப் பிடித்துக் கடப்பேன். இருமினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். தெருவில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருப்பேன்.

மே மாதம் பள்ளி விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை படகை ஏரியில் விடுவது என்று நண்பன் முடிவு செய்தான். மகள் வருவேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன்.

"நானும்தானே சுண்ணாம்பு பூசனேன்" என்றாள்.

"உங்க நைனா ஏரியைக் கொடத்துல மொண்டு ஊட்டுக்கு எடுத்தாரச் சொல்லுவாரு. அப்பால நாம அதுல தூண்டில் போடலாம்" என்றான் நண்பன் அவளிடம்.

"இடுப்பளவு தண்ணியிலயும் ஆளு செத்திருக்குப்பா" என்றேன்.

"செம்புத் தண்ணி பொரையேறியும் செத்திருக்கான். நீ தண்ணியே குடிக்காத. நான் இன்னா ஹார்பர்லயா போட்டை எறக்கறேன்? வெயில்காலம். ஏரி பூரா முட்டிக்கால் தண்ணி, மிஞ்சிப்போனா இடுப்பு. உம் பொண்ணு நின்னாலே தல வெளிய தெரியும்."

அது உண்மைதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள் எல்லாரும் கோடையில் ஆழம் இல்லை என்றே சொன்னார்கள். எனக்கு மனசு இறங்கியது. இருந்தாலும் லாரி டியூப் ஒன்று வாங்கி, பஞ்சர் ஒட்டி, காற்றடித்து வைத்துக்கொண்டேன். தேங்காய்நார்க் கயிறு ஒன்றும் எடுத்துக்கொண்டேன், டியூபை அவள் இடுப்போடு கட்ட. தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்பதைப் பற்றித்தான் என் யோசனை முழுவதும். தண்ணீர் இல்லாமல் போகும் என்பது என் பயத்தில் சேரவே இல்லை.

"கோயிலுக்கு வராம ஏரிக்குப் போறீங்க. ஒம்போது மணிக்கெல்லாம் பொண்ணு ஊட்ல இருக்கணும்" என்றாள் என் மனைவி. ஒரு தூக்கில் கேழ்வரகுக் கூழும் ஒரு கூஜா தண்ணீரும் கொடுத்தாள். ஒன்பது மணிக்குத் திரும்பி வருகிறவர்களுக்கு அது போதும்.

படகை முந்தின நாளே டிராக்டரில் ஏற்றிக் கரையில் இறக்கியிருந்தார்கள். விடிகிற நேரம் நாங்கள் போனபோது நண்பன் அதன் மூக்கில் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்தான். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. தேங்காய்ச் சில்லை மட்டும் வாங்கி மகளும் நானும் தின்றோம். கிளிஞ்சல் வாரும் ஆட்கள் நாலைந்து பேர் கை கொடுத்துத் தள்ளினார்கள். படகு மிதந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நண்பன் கையால் அதன் உள்புறத்தைத் தடவிப் பார்த்து, காய்ந்த உள்ளங்கையை எனக்குக் காட்டினான்.

மூங்கில் கழியை ஊன்றி அவன் தள்ளினான். அவன் சொன்னபடி படகு நேராகத்தான் போனது. தூரத்தில் தெற்கே வலைக்காரர்களின் படகுகள் தெரிந்தன. நாங்கள் போன பக்கம் ஒரு படகும் இல்லை, ஒரு வலையும் இல்லை.

"பாத்தியா, இங்க ஒருத்தனும் இல்ல. மீனு பூரா நமக்குத்தான்" என்றான்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏரியில் பிழைக்கிறவன் எவனும் இப்படி நினைத்திருக்கமாட்டான். ஆள் இல்லாத இடத்தில் ஏன் ஆள் இல்லை என்று கேட்டிருப்பான். நாங்கள் தொழிற்சாலைக்காரர்கள். ஆள் இல்லாத பெஞ்ச் என்றால் காலியாக இருக்கிற பெஞ்ச் என்றுதான் எங்களுக்கு அர்த்தம்.

இறாலைக் கொக்கியில் குத்தித் தூண்டில் போட்டோம். முதலில் நண்பனுக்கு ஒரு கெளுத்தி கிடைத்தது. முள் குத்தாமல் அதைக் கழற்ற அவன் பட்ட பாட்டைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அவள் தூண்டில் இழுத்தது. நான் கயிற்றைப் பிடிக்கப் போனேன். "உடுப்பா, நானு" என்று முழங்கையால் என்னைத் தள்ளினாள். ஒரு கிழங்கான் மீன், வெள்ளி மாதிரி, அவள் முழங்கை நீளம்கூட இருக்காது, துள்ளிக்கொண்டு வந்து இரும்பில் விழுந்து படபடவென்று அடித்தது. அது அடிக்கிற சத்தம் படகு முழுக்கக் கேட்டது. அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால்தான் புறப்படலாம் என்று சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருந்தேன். கூழைக் குடித்தோம். தண்ணீரையும் தாராளமாகக் குடித்தோம். கெளுத்தி பிடித்த கையை நண்பன் கூஜாத் தண்ணீரிலேயே கழுவினான்.

திரும்பலாம் என்று அவன் கழியை ஊன்றினான். படகு நகரவில்லை. இன்னும் அழுத்தி ஊன்றினான். கழி இறங்கிக்கொண்டே போனது, படகு அங்கேயே இருந்தது. எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் தண்ணீர் ஒரு சாண்கூட இல்லை. நாங்கள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மேற்கேயிருந்து அடித்த மேல்காற்று ஏரித் தண்ணீரைக் கிழக்கே ஒதுக்கிக்கொண்டு போயிருந்தது. கோடையில் அந்தப் பக்கத்தில் தினமும் நடப்பது அது என்று பிறகு சொன்னார்கள். மரப்படகாக இருந்தால் சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டாவது வந்திருக்கும். எங்கள் படகின் அடியில் இருந்த ஆங்கிள் இரும்பு ஏர்க்கொழு மாதிரி சேற்றில் இறங்கிவிட்டது.

"எறங்கித் தள்ளினா போவுது" என்று நண்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தான். தொடைவரைக்கும் உள்ளே போய்விட்டான். ஒரு காலை எடுத்தால் மறு கால் இறங்கியது. படகின் விளிம்பைப் பிடித்துத் தள்ளியபோது படகு அசையவில்லை, அவன்தான் பின்னால் போனான். நான் கையைக் கொடுத்து மேலே இழுத்தேன். இடுப்புவரை கறுப்புச் சேறு.

"பேஜாராப் போச்சுப்பா" என்றான். பிறகு மகளைப் பார்த்து, "பாத்தியா, மாமா புதுசா பேன்ட் போட்டுக்கினு வந்துட்டேன்" என்றான். அவள் சிரித்தாள்.

கரை கண்ணுக்கு எதிரே தெரிந்தது. பனைமரங்கள் தெரிந்தன, கிளிஞ்சல் குவியல்கள் வெள்ளையாகத் தெரிந்தன. கூப்பிட்டோம். துண்டைக் கழியில் கட்டி ஆட்டினோம். காற்று எங்கள் முகத்துக்கு எதிரே அடித்தது. சத்தம் போய்ச் சேரவில்லை.

"மத்தியானம் கடல்காத்து திரும்பும். தண்ணி தானா வரும். அதுவரைக்கும் குந்திக்கினு இருக்கலாம்" என்றான் நண்பன்.

உட்கார்ந்தோம். கத்திரி வெயில் ஏற ஏற, நாங்கள் எதற்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரிய ஆரம்பித்தது. கீழே தண்ணீர் இருந்தவரை இரும்பு சில்லென்று இருந்தது. தண்ணீர் போனதும் அது அடுப்பில் வைத்த தோசைக்கல். முதலில் விளிம்பைத் தொட முடியவில்லை. பிறகு அடித்தகட்டில் கால் வைக்க முடியவில்லை. மூவரும் பலகை மேல் காலைத் தூக்கிவைத்துக்கொண்டோம். என் சட்டையையும் அவன் வேட்டியையும் கழிக்கும் தூண்டில் குச்சிக்கும் குறுக்கே கட்டி மகளுக்கு நிழல் செய்தோம். கீழேயிருந்து வருகிற அனலுக்கு நிழல் என்ன செய்யும்? கூஜாவில் மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் அவளுக்குக் கொடுத்தோம். அது தீர்ந்தது. மண்டியிட்டுக் குனிந்து, சேற்றில் தேங்கிய ஏரித் தண்ணீரைத் தூக்கில் மொண்டு அவள் மேல் ஊற்றினேன். வெந்நீர் மாதிரி இருந்தது. உப்பு அவள் தோலில் வெள்ளையாகப் படிந்தது.

"அப்பா, மீனுக்கும் ஊத்து" என்றாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. தூக்கம் வருகிறது என்றாள். என் மடியில் சாய்ந்துகொண்டாள். தூங்கினால் நல்லதுதான் என்று நான் நினைத்தேன்.

டியூப் படகின் மறுகோடியில் தகட்டின் மேல் கிடந்தது. திடீரென்று வெடித்தது. ஒட்டுப்போட்ட இடம் சூட்டில் விட்டுக்கொண்டது. துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம். நண்பன் தூக்கிவாரிப்போட்டு எழுந்தே விட்டான். என் மடியில் இருந்த குழந்தை கண்ணிமை கூட அசைக்கவில்லை.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கன்னத்தைத் தட்டினேன். கண்ணைப் பாதி திறந்து, "டீச்சர் வரல" என்று ஏதோ சொன்னாள். நெற்றியைத் தொட்டேன். ஆயிரம் முறை தொட்ட நெற்றி. அப்படி ஒரு சூட்டை என் கை அறிந்ததில்லை. அதைவிட, அவளுக்கு வேர்க்கவே இல்லை. நாங்கள் இருவரும் வேர்வையில் ஊறிக்கொண்டிருந்தோம், அவள் தோல் காகிதம் மாதிரி காய்ந்திருந்தது.

"போலாம்" என்றேன்.

"எங்கப்பா போறது? எறங்கினா தொடைக்கும் சேறு. பொண்ணத் தூக்கிக்கினு நீ நாலு அடி போவ மாட்ட. மூணு பேரும் சேத்துல மாட்டிக்குவோம். இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம். காத்து திரும்பட்டும்."

"காத்து திரும்பலன்னா?"

அவன் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நான் காத்துக்குக் காவல் இருக்க முடியாது. நீ வந்தாலும் சரி, வராட்டாலும் சரி."

ஜெபம் செய்ய முயன்றேன். வாய் வரவில்லை. கண் மட்டும் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. கறுப்பாக, மினுமினுவென்று, மேலே ஒரு விரல் தண்ணீர் நின்ற சேறு. நாற்று நடுவதற்கு முன்னால் உழுது விட்ட கழனி அப்படித்தான் இருக்கும். உழுத சேற்றைச் சமப்படுத்த மாட்டின் பின்னால் ஒரு பலகையைக் கட்டி இழுப்பார்கள். பரம்படிப்பது என்று பெயர். பலகைக்குப் பாரம் வேண்டும் என்று அதன் மேல் பிள்ளைகளை உட்காரவைப்பார்கள். என்னையும் என் அப்பா உட்காரவைத்திருக்கிறார். மாட்டின் கால் புதைகிற அதே சேற்றின் மேல் நான் உட்கார்ந்த பலகை ஒரு கோடு மட்டும் போட்டுக்கொண்டு வழுக்கிப் போகும்.

"பலகையக் கழட்டு" என்றேன்.

நண்பனும் கழனியில் பிறந்தவன். ஒரு நொடி என்னைப் பார்த்தான். எதற்கு என்று கேட்கவில்லை. ஸ்பானர் இல்லாமல் அவன் வெளியே கிளம்பியதே கிடையாது. அது அவன் பையில் இருந்தது. ஆனால் நான்கு போல்டும் கொதித்துக்கொண்டிருந்தன. மேலே ஸ்பானரைப் போட்டால், கீழே நட்டை விரலால் பிடித்தாக வேண்டும். துண்டைச் சுற்றிக்கொண்டு பிடித்தான், துண்டு வழுக்கியது. துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் விரலால் பிடித்தான். வாய்க்குள்ளேயே கெட்ட வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு, ஒன்று, அடுத்தது என்று கழற்றினான். தான் இவ்வளவு முடுக்கியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

பலகையைச் சேற்றில் போட்டோம். நின்றது. மகளை அதில் படுக்கவைத்து, டியூபுக்காகக் கொண்டுவந்த கயிற்றால் கட்டினோம். நனைத்த சட்டையை முகத்துக்கு மேல் நிழலாக விரித்தோம். நண்பன் சேற்றைக் கை நிறைய அள்ளி அவள் தலையிலும் மாரிலும் காலிலும் அப்பினான். அடிச்சேறு கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. பிறகு இருவரும் இறங்கினோம்.

நிமிர்ந்து நின்றால் புதைந்தோம். முன்னங்கைகளைப் பலகையின் மேல் வைத்து, உடம்பின் பாரத்தை அதில் போட்டு, கால்களைத் தவளை மாதிரி பின்னால் உதைத்தால் பலகை முன்னால் போனது. ஒரு முழம் போகும். மூச்சு வாங்கும். அடுத்த முழம். அடியில் கிடந்த கிளிஞ்சல் ஓடுகள் முழங்காலைக் கிழித்தன. அது பிறகு தெரிந்ததுதான், அப்போது தெரியவில்லை. அப்போது எனக்குக் கரை மட்டும் தெரிந்தது. அதையும் நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். பார்க்கிற போதெல்லாம் அது அதே தூரத்தில் இருந்தது. பலகையின் விளிம்பை மட்டும் பார்த்தேன், அவள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

நண்பன் நடுவில் ஒருமுறை நின்றுவிட்டான். "முடியலப்பா. கை எரியுது. நீ போ, நான் அப்பால வரேன்" என்றான்.

"நீ நின்னா பலகை உம் பக்கம் திரும்புது. வா."

"கிளார்க்கு வேலை பாத்துக்கினு இவ்ளோ தெம்பு எங்கிருந்துடா உனக்கு" என்றான். மறுபடி உதைத்தான். அவன் பேசியதில் பாதி சாபம், பாதி அழுகை. அதற்குப் பிறகு அவன் நிற்கவில்லை. பாட்டு மாதிரி "தள்ளு, தள்ளு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவன் வாய் ஓய்ந்தபோது நான் சொன்னேன்.

கரைக்குப் பக்கத்தில் வந்ததும் கிளிஞ்சல் வாரும் பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். சேற்றில் ஏதோ மிருகம் வருகிறது என்று நினைத்தார்களாம். பலகையில் குழந்தை இருப்பதைப் பார்த்ததும் ஓடிவந்தார்கள். மணலில் தோண்டி வைத்திருந்த ஊற்றிலிருந்து குடம் குடமாக நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து அவள் மேல் ஊற்றினார்கள். ஒரு பெண் தன் முந்தானையை நனைத்து அவள் உதட்டில் பிழிந்தாள். கிளிஞ்சல் ஏற்ற வந்த லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. டிரைவர் பாதி ஏற்றிய லோடோடு வண்டியை எடுத்தார். முன்னிருக்கையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். நண்பன் பின்னால் கிளிஞ்சல் மேல் ஏறிக்கொண்டான்.

அன்றைக்குக் கடல்காற்று பொழுது சாய்கிறவரை வரவில்லை. மறுநாள் அந்த டிரைவர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். காத்திருந்திருந்தால் என்ற வாக்கியத்தை நான் இன்றுவரை முழுதாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தையை ஈரத்துணியில் சுற்றி, அக்குளில் ஐஸ் வைத்து, கையில் சலைன் ஏற்றினார்கள். நான் கால்சட்டையோடு, உடம்பெல்லாம் காய்ந்த சேற்றோடு நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் பெரிய வயதுக்காரர் இல்லை. அவர் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"சூடு எறங்குது. அதை நாங்க பாத்துக்கறோம். உடம்புல தண்ணி இல்லாம கிட்னி பாதிச்சிருக்கான்னு இப்போ சொல்ல முடியாது. இவ்ளோ சலைன் ஏத்தறோம். கொழந்த ஒண்ணுக்குப் போவணும். போச்சுன்னா பயமில்ல. போனா உடனே வந்து சொல்லுங்க."

"போவலன்னா?" என்று கேட்டேன்.

"மொதல்ல போவுதான்னு பாப்போம்" என்றார்.

அதுவரை எனக்குத் தெரிந்த பயங்கள் எல்லாம் வெளியிலிருந்து வருகிறவை. கிணறு, ரயில், தண்ணீர், நாய். அவற்றுக்கும் அவளுக்கும் நடுவில் நான் போய் நின்றுகொள்ள முடியும். இதற்கு நடுவில் நிற்க இடம் இல்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் எழும்வரை நான் எழுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அது எதற்கும் உதவாத வைராக்கியம் என்று தெரியும். எனக்கு வேறு வேலை இல்லை.

மனைவி கோயிலுக்குக் கட்டிப்போன வெள்ளைச் சேலையோடு வந்தாள். குழந்தையைத் தொட்டாள், காலைத் தடவினாள். வெளியே வேப்பமரத்தடியில் நண்பன் குந்தியிருப்பதை வரும்போதே பார்த்திருக்கிறாள். அவன் உள்ளே வரமாட்டேன் என்று இருந்தான். கையில் கொப்புளம் வெடித்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. கட்டுப் போட்டுக்கொள்ளவும் வரவில்லை. மனைவி எழுந்து போனாள். ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது.

"உள்ள வாண்ணே."

"நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வருவேன் தங்கச்சி?"

"இருக்கற மூஞ்சிய வெச்சிக்கினு வா. இந்த அனல்ல குந்தி நீயும் வுயுந்தா இன்னொரு கட்டில் பாக்க எனக்கு ஆளு இல்ல."

அவன் வந்தான். கைக்கு மருந்து போட்டார்கள். கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தான். "அந்தப் போட்டை வெட்டித் தூள் பண்ணிடறேன்" என்றான். என்ன கோபம் இருந்தாலும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அவனைத் திட்ட என்னால் முடியாது. எனக்குத் தோன்றியதும் கோபம் இல்லை. அவன் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடக்கூடாது என்று மட்டும் இருந்தது.

சாயங்காலம் அவள் கண் திறந்தாள். எங்களை அடையாளம் கண்டாள். தண்ணீர் கேட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். டாக்டர் வந்து கேட்டார். மனைவி இல்லை என்று தலையாட்டினாள். விளக்கு வைத்த பிறகு நர்ஸ் வந்து கேட்டார். அப்போதும் இல்லை. மகள் தூங்கிப்போனாள். நாங்கள் மூவரும் அந்த ஒரு காரியத்துக்காகக் காத்திருந்தோம். பெற்ற பிள்ளை மூத்திரம் பெய்யவேண்டும் என்று மூன்று பெரியவர்கள் விடிய விடிய வேண்டிக்கொண்டோம் என்று இப்போது எழுதும்போது யாருக்காவது சிரிப்பு வரலாம். எனக்கு இன்னும் வரவில்லை. இப்போதும் மே மாதத்தில் வெயிலில் நிற்கிற பஸ்ஸின் கைப்பிடியைத் தொட்டால் சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறேன்.

காலையில் பால் கொண்டுவர மனைவி போயிருந்தாள். நண்பன் கட்டிலின் காலில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். மகள் என் விரலைச் சுரண்டினாள். குனிந்தேன்.

"அப்பா."

"இன்னா கண்ணு?"

நண்பனைப் பார்த்துவிட்டு, அவனுக்குக் கேட்காமல் சொன்னாள். "ஒண்ணுக்கு வருது."

நான் எழுந்தேன். கால் மரத்துப்போயிருந்தது. நர்ஸைக் கூப்பிட்டுச் சலைன் குழாயைக் கழற்றச் சொன்னேன். அவர் சட்டி கொண்டுவருகிறேன் என்றார். மகள் முகத்தைச் சுளித்தாள். சட்டியில் மாட்டேன், நடந்து போகிறேன் என்றாள். தூக்கிக்கொள்ளப் போனேன். அதற்கும் தலையாட்டினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, வராந்தாவின் கோடிவரைக்கும் நடந்தாள். அங்கே தகரக்கதவு போட்ட கக்கூஸ். கதவைத் திறந்துவிட்டேன்.

"உள்ள தாழ்ப்பா போடாத. அப்பா இங்கயே நிக்கறேன். யாரும் வர மாட்டாங்க" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் இறங்குகிற சத்தம் கேட்டது. கை கதவைத் தட்டுவதற்காக எழுந்தது. அதைக் கீழே இறக்கினேன். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது.